வழக்கும் குளிர்த்தியும்: மட்டக்களப்புக் கண்ணகி விழாவின் ஆன்மிகப் பொருள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

வைகாசித் திங்களிலே மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகியம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கப்படுகின்றன. தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு, செட்டிபாளையம், மகிழடித்தீவு, வந்தாறுமூலை முதலிய ஊர்களின் கோயில்கள் இவ்வகையிலே பிரசித்தமானவை. ஆண்டின் ஏனைய நாட்களிலே பெரும்பாலும் அடைத்தே கிடக்கும் கோயில்களும் இப்பிரதேசத்தில் உள. கதவு திறத்தலோடு தொடங்கிச் சில நாட்கள் நிகழும் சடங்கு, வைகாசிப் பூரணையை ஒட்டித் திருக்குளிர்த்தியோடு நிறைவெய்துகின்றது. அதன்பின் கதவு மீண்டும் அடைக்கப்படுகின்றது. ஊரிலே நோய் அணுகாதிருக்க வேண்டும், மழை பொய்க்காதிருக்க வேண்டும், வயல் விளைய வேண்டும், மாடு கன்று பெருக வேண்டும் என்பனவே இவ்விழாவிலே மக்கள் முன்வைக்கும் வேண்டுதல்கள். சுகமும் செழிப்பும் வேண்டிய விழா என இதனைச் சுருக்கமாகக் கூறலாம்.

இவ்விழாவுக்குப் பொருள் கூற முற்படுவோர் பொதுவாக இரு தரப்பினராய் உளர். வெம்மை என்பது ஆன்மாவைப் பற்றிய ஆணவம், குளிர்ச்சி என்பது அதன் நீக்கத்தால் வரும் சாந்தி என்று தத்துவ விளக்கம் தருவோர் ஒரு சாரார். நோயைத் தெய்வத்தின் சினமெனக் கொண்ட அறியாமையின் எச்சமே இது என ஒதுக்கிவிடுவோர் மற்றொரு சாரார். முற்போக்கு அணியைச் சார்ந்த நம்முள் பலர் இரண்டாவது கருத்தினையே நெடுங்காலம் கூறிவந்துள்ளோம். முதலாமவர் விழாவை ஊரிலிருந்து பிரித்துத் தனிமனிதனின் உள்ளத்துக்குள் அடக்கிவிடுகின்றனர். இரண்டாமவர் அதனை வரலாற்றிலிருந்தே அகற்றிவிடுகின்றனர். இரு தரப்பினரும் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறுகின்றனர்: இவ்விழாவைச் செய்த மக்கள் சுகத்தையும் செழிப்பையும் எவ்வாறு விளங்கிக்கொண்டனர்?

சமயம் என்பது மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான குரலாகவும் ஒருங்கே அமைகின்றது என்று 1844இல் வெளிவந்த கட்டுரையொன்றிலே கார்ல் மாக்ஸ் எடுத்துக்காட்டினார். அவரது கூற்றின் முற்பகுதியை மறந்து, சமயத்தைப் போதைப்பொருளுக்கு ஒப்பிட்ட பகுதியை மாத்திரம் நினைவிற்கொள்வது மாக்சிய நோக்காகாது. எனவே ‘ஆன்மிகப் பொருள்’ என்ற தொடரைக் கண்டு நாம் கூச்சமடைய வேண்டியதில்லை. தமது கூட்டுவாழ்வு எதனால் நிலைபெறுகின்றது, எதனால் குலைகின்றது என்பது குறித்து ஒரு சமுதாயம் கொண்டிருக்கும் ஆழ்ந்த எண்ணத்தையே அத்தொடரால் இக்கட்டுரையிற் குறிக்கின்றோம்.

2

விழா நிகழும் பருவத்தை முதலிலே நோக்குதல் வேண்டும். கிழக்கிலங்கையின் பெரும்போக வேளாண்மை வடகீழ்ப் பருவமழையை நம்பியது. புரட்டாதி, ஐப்பசியில் விதைத்த நெல்லை மாசி, பங்குனியில் வெட்டிச் சூடு மிதித்துக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவர். அதன்பின் வானம் வறண்டுவிடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே இறக்கிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது வெப்பக்காற்றாகவே வருகின்றது. மட்டக்களப்பார் இதனைக் கச்சான் என்பர். கச்சான் வீசும் காலத்திலே குளங்கள் வற்றும், கிணற்று நீர் கீழிறங்கும், சிறுபோகம் குளத்துநீரை மாத்திரமே நம்பி நிற்கும். முற்காலத்திலே அம்மையும் காய்ச்சலும் மக்களை வருத்திய காலமும் வறண்ட காலமே. கையிலே நெல் இருக்கிறது, ஆனால் அடுத்த மழை வருமோ என்ற ஐயமும் இருக்கிறது. வைகாசிச் சடங்கு இந்த இரண்டுக்கும் இடையிலேயே நிகழ்கின்றது.

இச்சூழலிலே ‘வெப்பம்’ என்ற ஒரே சொல் பல அனுபவங்களைத் தழுவி நிற்பது இயல்பே. வறட்சி நிலத்தின் வெப்பம். காய்ச்சலும் கொப்புளமும் உடலின் வெப்பம். சினம் மனத்தின் வெப்பம். இதற்கு எதிராக வயிறு குளிர்தல், மனம் குளிர்தல், மண் குளிர்தல் என்னும் வழக்குகள் இன்றும் நம் பேச்சில் உள. நிலம், உடல், மனம் ஆகிய மூன்றையும் வேறுவேறாகப் பகுத்து நோக்காத ஒரு சமுதாயத்தின் சிந்தனையிலே இம்மூன்றின் வெம்மையும் ஒரே தெய்வத்திடம் சென்று சேர்ந்தன. மதுரையை எரித்த கண்ணகியே அத்தெய்வம். வெப்பம் தணியாத நிலையில் வந்த அவளை ஆயர் மகளிர் குளிர்வித்தனர் என்று மரபு கூறும். குளிர்த்திச் சடங்கிலே அக்குளிர்விப்பு ஆண்டுதோறும் மீள நிகழ்த்தப்படுகின்றது. குளிர்த்திப் பாடல் ஒலிக்க, பெண்கள் குரவையிட, நீர் தெளிக்கப்படும் வேளையிலே அம்மனும் ஊரும் நிலமும் ஒருங்கே குளிர்கின்றன என்பது மக்கள் கொண்ட பாவனை.

புராதன மாந்திரிகச் சடங்குகளைப் பற்றி ஜோர்ஜ் தொம்சன் கூறியவை இங்கு மனங்கொள்ளத்தக்கவை. பயிர் வளரவேண்டுமென ஆடும் ஆட்டம் பயிரை நேரடியாக வளர்ப்பதில்லை. ஆனால் ஆடியவரின் மனநிலையை மாற்றி, மிகுந்த நம்பிக்கையோடு பயிரைப் பேண அவரைத் தூண்டுகின்றது என்பார் அவர். வேளாண்மைச் சடங்குகளுக்கும் ஆதி உலகநோக்குக்கும் உள்ள உறவினைத் தேவிபிரசாத் சட்டோபாத்தியாய தமது ‘லோகாயத’ (1959) என்னும் நூலிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். குளிர்த்தியை விளங்கிக்கொள்ள இவ்விளக்கங்கள் உதவுகின்றன. எனினும் அவை மாத்திரம் போதா. நீர்தெளித்து மழை வேண்டும் சடங்குகள் உலகெங்கும் உள. குளிர்த்திக்கே உரிய சிறப்பு, அதற்கு முன்பாக ஒரு வழக்கு உரைக்கப்படுவதாகும்.

3

இத்தொடர்பின் தொன்மையை அறியச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையை நோக்குதல் தகும். அது நூலின் பிற்சேர்க்கை எனக் கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், கண்ணகி வழிபாட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று அது. கோவலன் கொலையுண்ட பின் பாண்டிநாட்டிலே மழை பொய்த்து வறுமை வந்தது, வெப்புநோயும் கொப்புள நோயும் தொடர்ந்தன என்று அக்கட்டுரை கூறுகின்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழாச் செய்ய, மழை பொழிந்து நோயும் துன்பமும் நீங்கின. அதனைக் கேட்டுக் கொங்கு மண்டலத்து இளங்கோசரும், இலங்கைக் கயவாகுவும், சோழன் பெருங்கிள்ளியும் கோயிலும் விழாவும் எடுத்தனர். கயவாகு ஆடித் திங்களிலே விழா எடுத்ததனால் இலங்கை மழைவளம் பெற்றுப் பிழையாத விளைச்சல் கண்டது என்பது அச்செய்தி.

நோயும் வறட்சியும் இங்கே வானத்திலிருந்து தாமாக இறங்கியவை அல்ல என்பது கவனிக்கற்பாலது. அவை அநீதியின் விளைவுகள். அரசவையிலே வழக்கு ஆராயப்படாமையால் ஒருவன் கொல்லப்பட்டான். அதனால் நாட்டின் உடலும் நிலமும் வெந்தன. சுகத்துக்கும் செழிப்புக்கும் அடிப்படை நீதியே என்னும் இவ்வெண்ணம் ஆழமானது.

ஆயினும் அதே கட்டுரை இன்னொன்றையும் கூறுகின்றது. வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டே அவ்விழாவைச் செய்தான். பொய் சொன்னவன் பொற்கொல்லன் ஒருவனே. ஆராயாது ஆணையிட்டவன் அரசன். அரசன் தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான் என்று காவியம் அவனை உயர்த்துகின்றது. ஆனால் குற்றத்தோடு தொடர்பற்ற ஆயிரம் கைவினைஞரின் உயிர் கணக்கிலே வரவில்லை. ஆளும் வர்க்கத்தின் பிழைக்கு உழைப்போர் ஈடு கொடுப்பதும், அதுவே நீதி எனப் போற்றப்படுவதும் இங்கே ஒருங்கு பதிவாகியுள்ளன. நீதி பற்றிய மக்கள் எண்ணமும் அதனைத் தன்வயமாக்கும் அதிகாரமும் ஒரே விழாவிலே எவ்வாறு பிணைந்து கிடக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கயவாகு பற்றிய செய்தியைச் சரித்திரமாக அப்படியே ஏற்பதும் இயலாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் கஜபாகுவைப் பற்றிக் கூறும் மகாவம்சம், பத்தினி வழிபாட்டை அவன் கொணர்ந்ததாகக் கூறவில்லை. பிற்பட்ட நூலாகிய ராஜாவலியவே அக்கதையைக் கூறுகின்றது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலிலே கஜபாகு கதையை வரலாறாகவன்றி ஐதிகமாகவே ஆராய்ந்துள்ளார்.

4

மட்டக்களப்புச் சடங்கிலே படிக்கப்படுவது சிலப்பதிகாரம் அன்று, ‘கண்ணகி வழக்குரை’ என்னும் நூலாகும். ஏடுகளிலே வழங்கிவந்த அதனைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் நூலாக வெளிக்கொணர்ந்தார். அவரது ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இப்பிரதேசத்தின் வழிபாட்டு மரபுகளை அறிய விரும்புவோர்க்கு இன்றும் முதன்மையான துணையாகும்.

நூலின் பெயரே நமது கவனத்துக்குரியது. கண்ணகியின் திருமணமோ, கற்போ, தெய்வமாதலோ அன்றி, அவள் வழக்குரைத்த செயலே நூலுக்குப் பெயராயிற்று. சடங்கு நாட்களிலே இரவுதோறும் இக்கதை பாடப்படும். கூடியிருக்கும் ஊர் அவ்வழக்கைக் கேட்கும். உற்றாரற்ற அந்நிய நகரிலே, கணவனை இழந்த ஒரு பெண், அரசனின் முன் சென்று அவன் தீர்ப்புப் பிழையென நிறுவுகிறாள். கதை முற்றுப்பெற்ற பின்னரே குளிர்த்தி நிகழ்கின்றது. வழக்கு முன், குளிர்ச்சி பின் என்ற இவ்வொழுங்கினை எவரும் மாற்றுவதில்லை. வழக்கை உரைக்காமல் நேரே குளிர்வித்துவிடலாம் என்று சடங்கு கருதவில்லை.

நாம் காணும் ஆன்மிகப் பொருள் இவ்வொழுங்கிலேயே அடங்கியுள்ளது. வெம்மையை அடக்குமாறு சடங்கு அம்மனிடம் கூறவில்லை. அவளது வெம்மை நியாயமானது என்பதை ஊர் முதலிலே செவிமடுத்து ஏற்றுக்கொள்கின்றது. அதன்பின்பே குளிரும்படி வேண்டுகின்றது. சாந்தி என்பது கேட்கப்பட்ட வழக்கின் முடிவாக வருவது. குளிர்ச்சியை ஆணவநீக்கம் என விளக்கும் தத்துவ உரையிலே வழக்குக்கு இடமில்லை. அநீதி அங்கே மறைந்துவிடுகின்றது. பாதிக்கப்பட்டவளின் சினமே நோயாகிவிடுகின்றது. மரபினைப் பேணுவதாகக் கூறும் அவ்விளக்கம் மரபின் உயிர்ப்பகுதியைக் கழித்துவிடுகின்றது என்பதே நமது குற்றச்சாட்டு.

இரண்டாவதாக, இங்கு வேண்டப்படும் சுகமும் செழிப்பும் ஊரின் பொதுவுடைமை. நோயும் மழையும் வீட்டு வேலிகளை மதிப்பதில்லை. ஒரு வீட்டில் அம்மாள் வந்தால் அடுத்த வீட்டிலும் வரும். மேல்வட்டையிலே வாய்க்கால் அடைபட்டால் கீழ்வட்டை காயும். எனவே வேண்டுதலும் ஊர் முழுவதினதுமாயிற்று. மழைக்காவியம், ஊர்சுற்றுக் காவியம் முதலிய பாடல்கள் தனியொருவரின் முத்திக்காகவன்றி ஊரின் நலத்துக்காகவே பாடப்பட்டன. மடிப்பிச்சை எடுக்கும் வழக்கமும் அத்தகையதே. வசதி படைத்த வீட்டுப் பெண்ணும் நேர்த்தியின் பொருட்டு வீடுவீடாகச் சென்று மடியேந்தி அரிசி வாங்குகிறாள். ஒரு நாளேனும் பெறுபவளாக நிற்கவேண்டும் என்ற விதி அதில் உண்டு.

நோயும் வறட்சியும் வந்த காலங்களிலே ஆடப்பெற்ற கொம்பு விளையாட்டையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். வலிய மரக்கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாய்ப் பிரிந்து ஒன்று முறியுமட்டும் இழுப்பர். வடசேரி கோவலனுக்கும் தென்சேரி கண்ணகிக்கும் உரியவை. தோற்ற பக்கத்தாரை வென்றோர் வசைபாடுவர். உள்ளே கிடந்த பகைமையை விளையாட்டாக வெளிக்கொணர்ந்து, பின் ஒன்றாய்க் கூடச்செய்த ஏற்பாடு இதுவென்பதில் ஐயமில்லை. சிங்கள மக்களிடையே அங்கெலிய என வழங்குவதும் இதுவே. பத்தினி தெய்யோவுக்குச் செய்யப்படும் கம்மடுவச் சடங்கும் நோய் நீக்கத்தையும் விளைச்சலையுமே வேண்டுவது. கண்டி எசல பெரஹராவிலே ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்குரியது. இரு மொழி பேசும் உழவர்கள் ஒரே தெய்வத்திடம் ஒரே குறையை உரைத்து வந்துள்ளனர். இலங்கையின் இன உறவு வரலாற்றை எழுதுவோர் இவ்வுண்மையை ஓரக்குறிப்பாகத் தள்ளிவிடுதல் ஆகாது.

5

இவ்வளவும் கூறியபின், இச்சடங்கினைச் சமத்துவச் சமுதாயமொன்றின் எச்சமாகக் கனவுகாண்பதும் பிழையாகும். மட்டக்களப்புச் சமூகம் தாய்வழிக் குடிமுறையால் அமைந்தது. கோயில் உரிமைகள் குடிகளுக்கிடையே பங்கிடப்பட்டவை. எக்குடிக்கு என்ன வரிசை, எவர் எங்கே நிற்பது, எவர் என்ன தொழும்பு செய்வது என்பன யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. வயலிலே போடியாரும், அவர்கீழ் முல்லைக்காரனும், கூலியாளும் எவ்வாறு நின்றனரோ, கோயிலிலும் ஏறத்தாழ அவ்வாறே நின்றனர். அரசனுக்கு எதிரான வழக்கை ஊர் முழுவதும் இரவிரவாகக் கேட்டது. போடியாருக்கு எதிரான கூலியாளின் வழக்கை அதே ஊர் கேட்டதா என்ற வினா எழாமற் போகாது. தொலைவிலுள்ள பாண்டியனின் அநீதியைக் கண்டிப்பது அண்மையிலுள்ள அநீதியைச் சகிப்பதற்கு உதவியுமிருக்கலாம். வெளிப்பாடாகவும் எதிர்ப்பாகவும் அமையும் சமயம், எதிர்ப்பைத் திசைதிருப்பவும் வல்லது.

நோய் தொடர்பிலும் இம்முரண்பாடு உண்டு. அம்மாள் வந்த வீட்டிலே வேப்பிலை கட்டுவர், வேற்றாள் உட்செல்லார், தாளிதமும் மச்சமும் விலக்கப்படும், குளிர்மையான உணவு கொடுக்கப்படும், நோய் இறங்கியபின் தண்ணீர் வார்ப்பர். நோயாளியைத் தனிமைப்படுத்தலும் அமைதியாய்ப் பேணலும் இவ்விதிகளுள் பொதிந்து கிடந்தன. தெய்வமே வந்திருக்கிறாள் என்ற எண்ணம் நோயாளியை ஊர் வெறுத்தொதுக்காமற் காத்தது. ஆனால் அம்மையைத் தடுக்கும் ஆற்றல் இவற்றுக்கு இருக்கவில்லை. இலங்கையிலே அம்மைப்பால் குத்துதல் 1802இல் தொடங்கியது. அது தெய்வத்தைச் சினமூட்டும் என்ற அச்சம் தென்னாசியாவின் பல பகுதிகளிலே தடுப்பு முயற்சிக்குக் குறுக்கே நின்றது. அவ்வச்சத்தின் விலை உயிர்கள். அதனை மூடிமறைத்து மரபைப் போற்ற நாம் உடன்படோம்.

பெரியம்மை ஒழிந்த வரலாறு நமது ஆய்வுக்கு இன்னொரு வகையிலும் பொருத்தமானது. 1958இல் உலக சுகாதாரப் பேரவையிலே சோவியத் பிரதிநிதி விக்தர் ஸ்தானோவ் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தை முன்மொழிந்தார். 1967இல் அம்முயற்சி தீவிரமாக்கப்பட்டது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவிலே காணப்பட்டார். 1980 மே 8ஆம் நாள், உலகம் அந்நோயினின்று விடுபட்டதாகப் பேரவை அறிவித்தது. பனிப்போர்க் காலத்திலே எதிரெதிராய் நின்ற நாடுகளும் இவ்விடயத்தில் ஒன்றுகூடின. எந்த ஒரு நாடும் தன் எல்லைக்குள் மட்டும் இந்நோயிலிருந்து நிரந்தரப் பாதுகாப்புப் பெறமுடியாது என்பதே அக்கூட்டுழைப்பின் அடிப்படை. ஒரு வீடு தனித்துச் சுகமாயிருக்க முடியாது என்று குளிர்த்தி கண்ட ஊர் பாவனையிலே உணர்ந்ததும் இதுவே. அவ்வுணர்வு அறிவியலோடும் அமைப்போடும் சேர்ந்தபோது மெய்யான விடுதலை சாத்தியமாயிற்று. சடங்கின் விருப்பத்தைச் சடங்கு நிறைவேற்றவில்லை. எனினும் அவ்விருப்பம் பொய்யானதன்று.

6

இன்று இவ்விழா எத்திசையிற் செல்கின்றது? யாழ்ப்பாணத்தின் வரலாறு ஒரு முன்னுதாரணமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சைவத்துக்குப் புறம்பானதெனக் கண்டித்தார். மிஷனரிமாரின் தாக்குதலுக்கு எதிராகச் சைவத்தை ஆகம நெறியிலே ஒழுங்குபடுத்த முனைந்த அவரது வரலாற்றுப் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் விளைவாகக் கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலிய பெயர்களைப் பெற்றன. பெயர் மாறியபோது பூசையும் மாறியது. பூசை மாறியபோது கதை மௌனமாயிற்று. வழக்குரைத்த பெண் நீங்கி, வரந்தரும் தேவி எஞ்சினாள்.

கிழக்கிலே கப்புகனாரின் சடங்கும் தமிழ்ப் பாடலும் ஓரளவுக்கு நிலைத்துள்ளன. ஆயினும் கோபுரம், கும்பாபிஷேகம், ஆகம பூசை என்ற மேனிலையாக்கப் போக்கினை அங்கும் காண்கின்றோம். வழக்குரையை முழுவதும் பாடவல்லார் அருகி வருகின்றனர். ஊர்வேண்டுதலாய் இருந்தது அவரவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் செய்யும் அர்ச்சனையாய்ச் சுருங்குகின்றது. தனியார் வைத்தியசாலையிலே சுகமும், வெளிநாட்டுப் பணத்திலே செழிப்பும் தனித்தனியே தேடப்படும் காலத்துக்கு அவ்விளக்கம் பொருந்தியதாகவே இருக்கும்.

இந்நிலையிலே முற்போக்காளரின் கடமை யாது? சடங்கு நிகழும் இரவிலே ஊருக்கு வெளியே நின்று ஏளனஞ் செய்தல் அன்று. அவ்வாறு நின்ற ஒவ்வொரு முறையும் மக்களை மறுதரப்பினரிடமே கையளித்தோம் என்பதைச் சுயவிமர்சனமாக இங்கு பதிவுசெய்கின்றோம். பாடல்களையும் அவற்றைப் பாடுவோர் நினைவிலுள்ள வேறுபாடுகளையும் உரிய முறையிலே பதிவுசெய்தல் வேண்டும். கோயில் முற்றத்திலே சாதியின் பேரால் எவரும் ஒதுக்கப்படுவதை வெளிப்படையாக எதிர்த்தல் வேண்டும். நோய்க்கு மருத்துவமும் வறட்சிக்கு நீர்ப்பாசனமும் தேவையென்பதைத் தயக்கமின்றிக் கூறுதல் வேண்டும். இவை மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

நமது காலத்திலும் வெம்மைகள் பல தணியாது கிடக்கின்றன. போரிலே காணாமற் போனோரைத் தேடும் தாய்மார் தம் வழக்கினைத் தெருவோரத்திலே ஆண்டுக்கணக்காக உரைத்து நிற்கின்றனர். மறந்துவிடுங்கள், அமைதி கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். கண்ணகியின் பெயரால் விழாச் செய்யும் ஒரு சமுதாயம் அவ்வாறு கூறமுடியாது. வழக்கைக் கேட்ட பின்பே குளிர்த்தி பாடவேண்டும் என்பதை அது தன் முன்னோரிடமே கற்றிருக்கின்றது.